துரை சொன்ன வார்த்தைக்குத் தமிழ்

1913 செப்டம்பர் 9
மழை விடவில்லை. மருதாயியைப் புதைத்துவிட்டு வந்தோம். மலைக்காய்ச்சல். அவள் குடிசையில் பாதிக் கூரைதான் இருந்தது. போர்த்தக் கம்பளி இல்லை.

அவள் தங்கை வேலுத்தாய் அந்த ஈரச்சேலையோடே துரையிடம் வந்து கூலிக்குடிசைகளுக்குக் கூரையும் கம்பளியும் கேட்டாள். இந்த வருஷத்தில் மூன்றாம் முறை. “பறிப்பு முடியட்டும்” என்றார் துரை. தமிழில் சொன்னேன். இந்த ஏலக்காய்த் தோட்டத்தில் ஆபீஸ் ரைட்டரான எனக்கு அதற்குத்தான் சம்பளம்: அவர் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை அவருக்கும்.

செப்டம்பர் 23
காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. துரை சீட்டியடிக்கிறார்.

அக்டோபர் 4
காய் முற்றிவிட்டது. உடனே பறிக்காவிட்டால் வெடித்து எலிக்கும் அணிலுக்கும் போகும். இன்று காலை ஒரு பெண்ணும் கூடை எடுக்கவில்லை. எல்லோரும் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

“கூரையும் கம்பளியும் வெரசா வந்தா நாங்களும் வெரசா எறங்குறோம்” என்றாள் வேலுத்தாய்.

சொன்னேன். துரை முகம் சிவந்து ஒரே வார்த்தை சொன்னார். ஆப்பர்ச்சூனிஸ்ட். நான் அதுவரை கேட்டதில்லை. சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொள்கிறவர் என்று ஊகித்தேன்.

“என்ன சொல்றாரு, ரைட்டரய்யா?”

முதலில் நாக்கில் வந்தது ‘சமயவாதி’. நல்லவேளை, விழுங்கினேன். அவள் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் சண்டை மூட்டுவதாக ஆகியிருக்கும். “நீ சமயம் பார்த்துக் காரியம் சாதிக்கிறவளாம்” என்றேன்.

“ஆமா. மழைக்கு முன்னாடி கேட்டேன், அப்பறம்னாரு. மழையில கேட்டேன். எங்கக்கா செத்தன்னிக்குக் கேட்டேன். இப்பத்தான் அவரு காதுல விழுகுது. வேற எப்பக் கேக்கச் சொல்றாரு?”

துரையிடம், அவள் ஒப்புக்கொள்கிறாள் என்றேன். பிறகு மீதியையும் சொன்னேன்.

அக்டோபர் 5
ஆபீசில் உள்ள பழைய அகராதியில் அந்த வார்த்தை இல்லை. துரையையே கேட்டேன். கொள்கை இல்லாமல், அடுத்தவன் கஷ்டத்தைத் தனக்கு ஆதாயமாக்குகிறவன் என்றார்.

தமிழில் எது? ‘சமயோசிதன்’ என்றால் பாராட்டு. ‘காரியக்காரன்’ என்றால் பாதி பாராட்டு, பாதி பயம். ‘காரியவாதி’ என்றால் திட்டு. அதிலும் அடுத்தவன் கஷ்டம் வரவில்லை.

முந்தின வருஷம் மழை பொய்த்தது. அடிவாரத்துச் சிலமலை, பொட்டிபுரம் ஜனம் பசியோடு மலையேறி வந்தது. துரை கூலியோடு தரும் அரிசிப்படியைக் குறைத்தார். வேறு போக்கிடம் இல்லை, சரி என்றார்கள். கங்காணி மொக்கையன் அன்று, “தொரை கெட்டிக்காரருல்ல” என்றான்.

அதற்கு ஒரு வார்த்தை. இதற்கு ஒரு வார்த்தை. செய்தது யார் என்று தெரிந்த பிறகுதான் வார்த்தை தேடுவார்களோ?

அக்டோபர் 7
கீழ்ச்சரிவில் காய் வெடிக்கத் தொடங்கிவிட்டது.

துரை என்னையும் மொக்கையனையும் கூட்டிக்கொண்டு குடிசைகளுக்குப் போனார். எல்லோர் முன்னாலும் சிரித்த முகத்தோடு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்: “எதை வேண்டுமானாலும் கொடுப்பதாகச் சொல். பறித்து முடிக்கட்டும், ஒன்றும் கொடுக்கப்போவதில்லை.”

பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். வேலுத்தாய் மடியில் மருதாயியின் பிள்ளை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்ய? கர்த்தரே—

மொழிபெயர்த்தேன். “எதை வேண்டுமானாலும் கொடுப்பதாகச் சொல்லச் சொல்கிறார். பறித்து முடித்ததும் ஒன்றும் கொடுக்கப்போவதில்லை என்கிறார்.”

யாரோ சிரித்தார்கள். துரையும் கூடச் சிரித்தார், ஒப்புக்கொண்டார்கள் என்று நினைத்து. மொக்கையன் அவர் காதோரம் போய்த் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினான். போதுமான அளவு விளக்கிவிட்டான்.

“என்ன சொன்னாய்?” என்றார் துரை.

“தாங்கள் சொன்னதை.”

பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அடிவாரத்துக் குரங்கணி வருவதற்குள் இருட்டிவிட்டது.

அக்டோபர் 8
போடியில் வீடு. என் மனைவி சாந்தகுமாரி சோறு போட்டுவிட்டுக் கேட்டாள்: “உள்ளதச் சொன்னதுக்கா வேலையை விட்டு எடுத்தாக?” ஆமாம் என்றேன். “கொழம்பு ஊத்தவா?” என்றாள்.

அக்டோபர் 12
கோவேறு கழுதைகளில் கம்பளிக்கட்டு எங்கள் தோட்டத்துக்குப் புறப்பட்டதைச் சந்தையில் பார்த்தேன். பின்னால் கூரைத்தகரம்.

நவம்பர் 16
இன்று துரையே வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அடுத்த சுற்றுப் பறிப்பு. புது ரைட்டர் சொல்வதை ஒரு பெண்ணும் நம்புவதில்லையாம். எதைச் சொன்னாலும், “நெசமா, தொரை அப்படியா சொன்னாரு?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

நான் யோசிக்கவில்லை. மேலே ஒரு மருந்துக்கொட்டகையும் ஒரு கம்பவுண்டரும் வேண்டும் என்றேன். துரை என்னையே பார்த்தார். அந்த வார்த்தை வாய்வரை வந்திருக்கும். “வேறு?” என்றார்.

நவம்பர் 19
மேலே வந்துவிட்டேன். கொட்டகைக்கு மரம் அறுக்கிறார்கள். அது வேண்டுமென்று ஒரு மாதமாக இவர்களும் கேட்டுவந்ததை இங்கே வந்துதான் அறிந்தேன். “வந்துட்டீகளா?” என்றாள் வேலுத்தாய். கூடைகளை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். மருதாயியின் பிள்ளை ஆபீஸ் வராந்தாவில் தூங்குகிறது. துரை அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.