மலை வெடித்ததற்கு என் லீவு போகாது

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

எரிமலைச் சாம்பல் வானத்தை மூடியதால், நான் லீவில் ஊருக்கு வரவேண்டிய விமானம் கிளம்பவில்லை. பயப்படாதீர்கள், வேலை செய்யும் சலவைக்கூடத்தில்தான் இருக்கிறேன். மேலாளர் என்னடாவென்றால், "உன் லீவு நேத்தே ஆரம்பிச்சிடுச்சு" என்றார். என் பெட்டியைத் தூக்கி அவர் மேசைமேலேயே வைத்தேன்.

"மலை வெடிச்சதுக்கு என் லீவையா சார் கழிப்பீங்க? விமானம் கிளம்புற அன்னைக்குத்தான் அது ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வேலை குடுங்க."

கூட வேலை செய்கிறவர்களும் இயந்திரங்களை நிறுத்திவிட்டு என் பின்னால் வந்து நின்றார்கள். மேலாளர் லீவுத் தேதியைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து, படம் எடுத்து அனுப்புங்கள். நான் வாங்கிய செருப்பு மூன்று வருஷத்துக்கு முந்தைய அளவு.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சாம்பல் என்றைக்காவது கீழே இறங்கித்தானே ஆகவேண்டும். நான் வந்தே தீருவேன்.

பாப்பா அம்மா