திருப்பித் தருவது: அரே

பாசமுள்ள சேவியர் அண்ணனுக்கு,

மேலே எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நீங்கள் எழுதிய புரோகிராமில்தான் துறைமுகத்துப் பக்கம் நம் கன்டெய்னர் யார்டு இன்னும் ஓடுகிறது. நீங்கள் போனபின் அதை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

புரோகிராமுக்குள் ஆளுக்கொரு வேலை செய்யும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும், வேலை முடிந்ததும் அது என்ன திருப்பித் தரும் என்று எழுதி வையுங்கள் என எவ்வளவு கெஞ்சியிருப்பேன்? ஒருநாள் எனக்காக எழுதினீர்கள்: "திருப்பித் தருவது: அரே." அடுக்கிவைத்த தகவல்களின் பட்டியல், அவ்வளவுதான்; எத்தனை பரிமாணம், அதில் எது முதலில், ஒன்றும் கிடையாது. கேட்டதற்கு, "ஏளா, ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது" என்றீர்கள்.

போன மாதம் ஓட்டிப் பார்த்தோம். யார்டின் அடுக்குகளைப் புதுத் திரையில் காட்ட வேண்டியிருந்தது. உங்கள் அரேயில் முதலில் வரிசை, அடுத்து உயரம் என்று நான் எடுத்துக்கொண்டேன். நீங்களோ உயரத்தை முதலில் வைத்திருந்தீர்கள். யார்டு சூப்பர்வைசர் மைதீன் அண்ணாச்சி நிதானமாக போன் செய்தார். "ஏம்மா, இருபது பெட்டிய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கச் சொல்லுது. நம்ம கிரேன் அஞ்சு வரைக்கும்தான் ஏறும். மிச்சத்துக்கு ஏணி தருவியளா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. இதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார். உங்களை இன்னொரு முறை அடக்கம் செய்வதுபோல் இருந்தது எனக்கு. ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

ஒவ்வொன்றாக ஓட்டினேன். தருவது எண்ணா எழுத்தா, அரே என்றால் எந்த ஒழுங்கில், காலியாக இருந்தால் என்ன வரும் என்று மேலே எழுதினேன், உங்களைத் திட்டிக்கொண்டேதான். கடைசியாகக் காலி இடம் தேடும் ஃபங்ஷன். இடம் இருந்தால் அதன் எண்ணைத் தந்தது. யார்டு நிரம்பியிருந்தால் ஒரு வாக்கியத்தைத் தந்தது: "சேவியரக் கூப்பிடுங்க."

ஞாயிறு பூசை நடுவிலும் போன் அடித்து நீங்கள் வெளியே ஓடியதெல்லாம் இதனால்தானா? மதினி வேறு என்னவெல்லாமோ சந்தேகப்பட்டார்களே! சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதற்கு மேலே என்ன எழுதுவது? "திருப்பித் தருவது: எண். இடமில்லையென்றால், இப்போது இல்லாத ஒருவர்" என்று எழுதி, அழித்தேன். உங்கள் பெயர் இருந்த இடத்தில் என் பெயரைப் போட்டேன். நான் எழுதியதையெல்லாம் படித்த மேனேஜர் புதிது வாங்கும் பேச்சை விட்டுவிட்டார். நேற்று யார்டு நிரம்பியது. சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து போன் வந்தது.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன், அண்ணே. என் பெயரும் அங்கே நெடுநாள் இருக்காது. யாரையும் கூப்பிடாமலே அது ஒழுங்கான பதிலைத் தரும்படி மாற்றுவேன். என்ன தரும் என்று எழுதியும் வைப்பேன். "முதலில் எழுதியவர்: சேவியர்" என்ற வரியை மட்டும் தொடமாட்டேன்.

உங்களைத் திட்டாமல் ஒரு நாளும் கழியாத
தங்கச்சி பிரிசில்லா