அண்ணன் விழுங்கிய புழுமுட்டைகள்

ஜூன் 14

ஜாஸ்பர் அண்ணனுக்கு இன்றும் ரத்தமாகப் போனது. உடம்பே தன் குடலைப் பகையென்று நினைத்து அரிக்கிற நோய். இனியும் அடங்காவிட்டால் குடலை வெட்டி, வயிற்றில் பை மாட்டவேண்டும் என்றார் டாக்டர். அம்மாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஜூன் 22

துபாயில் அண்ணன்கூட வேலை பார்த்த ஒருவர் வழியாக ஒரு குப்பி வந்திருக்கிறது. பன்றிக்குடல் புழுவின் முட்டைகள். உள்ளே புழு இருந்தால் உடம்பின் கோபம் தணியுமாம்.

"நீ சுவாலஜி படிச்சவதானே, சொல்லு. குடிக்கட்டா?"

பெரிய ஆய்வுகளில் பலன் தெரியவில்லை என்று வாசித்ததைச் சொன்னேன். டாக்டரிடம் கேட்கலாம் என்றேன்.

"அவரு வெட்டணும்னுதான் சொல்லுவாரு."

குடித்துவிட்டான். "உப்புத் தண்ணிதாம்ட்டி. அம்மாட்ட மூச்சு விட்டுராத."

வீட்டில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்திதான். எனக்கு என்ன தெரியும்?

ஜூலை 19

மூன்றாவது குப்பி. ரத்தம் நின்றிருக்கிறது. மீன்குழம்பு கேட்டு வாங்கித் தின்றான். "நம்ம ஆளுகளுக்கும் பசிக்கும் இல்லியா" என்று வயிற்றைத் தட்டினான். எத்தனை நாள் கழித்துச் சிரித்தோம்! புழுவா, டாக்டரின் மருந்தா — யார் கண்டது.

ஆகஸ்ட் 11

அம்மா அங்கன்வாடியில் ஆயா. இன்று பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள். மிஞ்சியது வீட்டுக்கு வரும், வருஷாவருஷம் நடப்பதுதான். எப்படி மறந்தேன்?

"அவன் கஞ்சியில ரெண்டு பொடிச்சுப் போட்டேன் மக்கா. எவ்வளவு தின்னாலும் மெலிஞ்சே கெடக்கான். பூச்சிதான் திங்குது."

நான் அடுக்களைக்கு வருமுன் கிண்ணம் காலி.

ஆகஸ்ட் 12

சொல்லணும். யாருட்ட? என்னன்னு?

ஆகஸ்ட் 30

மறுபடி ரத்தம். குப்பி அனுப்புகிறவர் போனை எடுப்பதில்லை.

"ஏட்டி, உள்ள இருந்தது செத்துருக்குமோ?"

தெரியல அண்ணா. மாத்திரையாலா, நோயே இப்படித் திரும்புமா — அதுவும் தெரியல. கஞ்சியைச் சொன்னால் அம்மா முகத்தில் இனி விழிப்பானா? சொல்லாமல் கொஞ்சம் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

செப்டம்பர் 16

ஆபரேஷன் முடிந்தது. பை மாட்டியிருக்கிறார்கள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

வராந்தாவில் அம்மா மெல்லக் கேட்டாள்: "வெட்டி எடுத்ததுல பூச்சி இருந்துதாமா மக்கா?"

"இல்லம்மா."

"பின்ன? மாத்திரை கேட்டிருக்கு." முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "நீயும்தான் மெலிஞ்சு போற. இந்தா, சவச்சுத் தின்னு."

சவைத்தேன். இனிப்பாக இருந்தது.