உன் அப்பா கடைசியாகச் சொன்னது

வின்கோம் கிராமம், சாமர்செட்
1349, தவக்காலத்து மூன்றாம் வாரம்

யார்க் நகரில் இருக்கும் அன்பு மருமகள் அமிஸுக்கு,

உன் தாய்மாமன் ஹேமோ எழுதுவது. இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னவன். போன கோடையில் கோயில் கோபுரத்தில் எழுபது காகங்கள் வந்து உட்கார்ந்தபோதே, ஊர் காலியாகப் போகிறது என்றேன். சரி, நாற்பது இருக்கும். மாவு ஆலைக்கார மேபல்தான், "உன் வாயில நல்லதே வராதாய்யா?" என்று சிரித்தாள். கிறிஸ்துமஸுக்குள் கொள்ளைநோய் ஊருக்குள் வந்துவிட்டது.

நம் சாமியார் இரண்டாம் வாரமே செத்துப்போனார். அவர் இடத்துக்கு வர ஆள் இல்லை. சாமியார் கிடைக்காத ஊரில், சாகிறவர்கள் பக்கத்தில் இருப்பவர் யாரிடமாவது பாவத்தைச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஆயர் ஓலை அனுப்பினார். மடத்துப் பள்ளியில் இரண்டு குளிர்காலம் படித்தவன் நான் ஒருவன்தானே. எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பதினோரு பேருக்குக் காது கொடுத்தேன். மேபலிடம் லத்தீனில் ஜெபத்தை ஆரம்பித்தேன். பாதியில் மறந்துபோனது. "விடு ஹேமோ, நம்ம பேச்சு கடவுளுக்கு மட்டும் புரியாதா?" என்றாள். அன்றைக்கே போய்விட்டாள்.

நீ கேட்டு எழுதியது ஒன்றே ஒன்று. நெசவுக்காரனைக் கட்டிக்கொண்டு போனதற்காக "என் வாசல்ல கால் வைக்காத" என்ற உன் அப்பா, சாகும்போதாவது உன்னை மன்னித்தாரா என்று. மன்னித்தார். கதவைத் திறந்து உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான், பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, வரச் சொல்லு" என்றார். கேட்ட பாவத்தை வெளியே சொல்லக் கூடாது. இது பாவம் இல்லையே, அதனால் எழுதுகிறேன்.

உழவுக் காலம் வந்துவிட்டது, உழ ஆள் இல்லை. மாடுகள் தாமாகத் திரிகின்றன. ஆளில்லாத வீடுகளைத் தாண்டும்போது உள்ளேயிருந்து யாரோ இருமுவது போல இருக்கிறது. உன் அப்பா வீட்டு வழியே நான் போவதில்லை. ஆற்றைச் சுற்றிப் போகிறேன்.

இந்த நோய் உன் வாசலை மிதிக்காமல் ஆண்டவர் காக்கட்டும். உன் பிள்ளைகள் நூறு வயது இருக்கட்டும்.

இத்தோடு மடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன் அமிஸ், கை வரவில்லை. உள்ளே போனேன் என்று எழுதியது என் கைச்சரக்கு. தாழ்ப்பாளில் கை வைத்தேன். பயம் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து, "யாரது? அமிஸா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். வெளிச்சம் மங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். ஆமாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

உன் தாய்மாமன்,
ஹேமோ