சூசை நாடகம் பார்க்கிறார், பிலோமி

என் அருமைப் பிலோமிக்கு,

கம்மல்காரியை மாற்றிவிட்டார்கள். இத்தனை நாள் கழித்து உனக்கு எழுத உட்கார்ந்ததும் கைக்கு வந்தது இந்தச் செய்திதான். திங்கட்கிழமை நாடகம் தொடங்கும்போது திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று ஒரு வரி ஓடியது. அவ்வளவுதான். புதியவள் அதே சேலையைக் கட்டிக்கொண்டு, அதே மாடிப்படியில் இறங்கி வந்து, அதே மாமியாரைத் திட்டினாள். அந்த வீட்டில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நீ இருந்தால் இதற்கு என்ன சொல்லியிருப்பாய்?

தூங்கும்போதுகூடக் காதில் குடை மாதிரித் தொங்கும் கம்மலைக் கழற்றாத அந்த இளைய மருமகளுக்கு நீ வைத்த பெயர் அது. நாடகத்தில் அவளுக்கு என்ன பெயர் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று வராது. பெரிய மருமகளின் புருஷன் நமக்குப் பேங்க்காரன். மாமியார், சந்தனக்கட்டை. பத்து வருஷமாக நடக்கும் ஒரு கதையில் ஒரு ஆளின் உண்மைப் பெயர்கூடத் தெரியாமல் பார்த்த இரண்டு பேர் தூத்துக்குடியில் நாம் மட்டுமாகத்தான் இருப்போம்.

நான் நன்றாக இருக்கிறேன். ஆபீசுக்குப் போகிறேன். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்கு எப்போதும்போல் பில் போடுகிறேன். ஒன்றும் தப்பவில்லை. ஆனால் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் சபைப் பெண்கள் ஜெபத்துக்கு வந்தபோது, "அழுதுரு கிரேஸ், உள்ள வச்சிருக்காத" என்றார்கள். உள்ளே ஏதாவது இருந்தால்தானே வெளியே விட? அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

நாடகத்தை மட்டும் விடவில்லை. மில்லர்புரத்தில் உன் வீடும் என் வீடும் எதிரெதிரே இருக்கின்றன. நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போதே உன் போன் வரும். நீ உன் ஜன்னலில், நான் என் ஜன்னலில். "பாத்தியளாக்கா அந்தக் கூத்த?" என்று ஆரம்பிப்பாய். அடுப்படியில் பெரிய மருமகள் சேலையில் தீப்பிடித்த எபிசோடு நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முகமாக மூன்று மூன்று தடவை காட்டினார்கள். "எட்டுப் பேரு நின்னு முழிக்கான். ஒருத்தனாவது ஒரு செம்புத் தண்ணி எடுக்கானா? எங்க தெருவுல இந்நேரம் கிணத்தையே தூக்கிட்டு வந்திருப்பாவ" என்றாய். முத்துமாலை திருடு போன எபிசோடில் உனக்குத் திருடியவள் மேல் கோபமே இல்லை. மாலை மேல்தான் கோபம். "முத்துக்குளிச்ச ஊர்க்காரிகிட்டயே பிளாஸ்டிக் மணியக் காட்டுதான் பாருங்க."

ஒரே ஒரு எபிசோடை மட்டும் நீ கேலி செய்யவில்லை. கடலுக்குப் போன மகன் திரும்பாத எபிசோடு. படகில் வலை இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மீனவன் சலவை பனியன் போட்டிருக்கிறான் என்று பாதிவரை நீ சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சேதி வந்த பிறகு அந்தத் தாய் ஒன்றும் பேசாமல் சோறு வடித்தாள். பின்னால் பாட்டு இல்லை, மேளம் இல்லை. அன்றைக்கு உன் போன் வர நேரமாயிற்று. "இத எழுதுனவன் வீட்டுல யாரோ செத்திருக்காவக்கா" என்று மட்டும் சொன்னாய்.

நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் உன் வீட்டுக்காரரின் பைக் வெளிச்சம் திரும்பும். விடியுமுன் போய் இரவில் கரை சேரும் விசைப்படகில் டிரைவர் வேலை. மீனை இறக்கிப் போட்டுவிட்டு வரும் நேரம் அது. என் ஜன்னலுக்குத்தான் முதலில் தெரியும். "ஏளா, சூசைத் தம்பி வாரார்" என்பேன். "வச்சிருதேங்க்கா" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுவாய். உன் பேச்சில் அவர் காதில் விழுந்தது எல்லா நாளும் அந்தக் கடைசிச் சிரிப்பு மட்டும்தான்.

நீ போன பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. படகுகள் எல்லாம் கரையில் நிற்கின்றன. உன் மகள் ஜெனியும் எத்தனை நாள்தான் லீவு போடுவாள்? சென்னைக்குத் திரும்பிவிட்டாள். உன் வீட்டுக்காரர் தனியாக இருக்கிறார். ஒருநாள் ராத்திரி உன் வீட்டு ஜன்னலில் நீல வெளிச்சம் அசைந்தது. நம் நாடகப் பாட்டும் கேட்டது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒன்றும் தோன்றவில்லை. டிவி போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து கேட்டைத் திறக்கும்போது தெருவைக் கடந்து வந்தார். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கப்பிடாது."

"சொல்லுங்க தம்பி."

"அந்தப் பெரிய கம்மல் போட்டவ நல்லவளா, கெட்டவளா?"

நான் அவரையே பார்த்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை. வலைக்கு எவ்வளவு ஆழம் விடலாம் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"கெட்டவதான். ஆனா பிலோமிக்கு அவளத்தான் பிடிக்கும்" என்றேன்.

"எதுக்கு?"

"அவ ஒருத்திதான் அந்த வீட்டுல மனசுல உள்ளதச் சொல்லுதாளாம்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் பேங்க்காரனைப் பற்றிக் கேட்க வந்தார். அதற்கடுத்த நாள் நாடக நேரத்துக்கே வந்து, வாசல் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக உட்கார்ந்துவிட்டார். உனக்குச் சொல்லத்தானே எழுதுகிறேன், சொல்லிவிடுகிறேன்: எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த அரைமணி உன்னுடையதும் என்னுடையதும். அவருக்கு அதில் என்ன பங்கு? ஆனால் போகச் சொல்லவும் வாய் வரவில்லை.

விளம்பரம் வரும்போதெல்லாம், "இதுக்கு அவ என்ன சொல்லுவா?" என்பார். நான் பழைய எபிசோடுகளைச் சொல்லத் தொடங்கினேன். தீப்பிடித்தது, முத்துமாலை, கோயிலில் மாமியார் மயங்கி விழுந்தது. செம்புத் தண்ணீருக்குச் சிரித்தார். பிளாஸ்டிக் மணிக்குத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்கிட்ட இப்படிப் பேசுனதே இல்லையக்கா" என்றார். நீ பேசாமல் இருந்தாயா, அவர் கேட்காமல் இருந்தாரா?

ஞாயிற்றுக்கிழமை பழைய எபிசோடு ஒன்றை மறுபடி போட்டார்கள். பேங்க்காரன் பெரிய மருமகளின் பிறந்தநாளுக்கு ஆளுயரக் கேக் வாங்கி வரும் எபிசோடு. வீடெல்லாம் பலூன். அரைமணி நேரமும் அதுவே. முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"இதுக்கு?"

நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதனால்தான், "கேக்கு நல்லா இருந்துச்சுன்னு சொன்னா" என்றேன்.

"அக்கா, அவ அப்படிச் சொல்லியிருக்க மாட்டா."

அவருக்கும் உன்னைத் தெரிந்திருந்தது, பிலோமி. அந்த அளவுக்காவது.

"நெசத்தச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேன். நீ சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். 'கேக்கு எதுக்கு? பகல் பூரா என்ன செஞ்சன்னு அவன் ஒரு நாளாவது கேட்டிருக்கானா? எங்க வீட்டுலயும் ஒருத்தர் வாராவ, குளிக்காவ, சாப்பிடுதாவ, தூங்குதாவ. நான் பகல்ல சந்திரனுக்குப் போயிட்டு வந்தாக்கூடத் தெரியாது.'

அவர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "வாரேங்க்கா" என்று போனார். நாற்காலியை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு சில நாட்கள் வரவில்லை. ஜன்னலில் நீல வெளிச்சமும் இல்லை. படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? செத்துப்போனவளின் குறையைப் புருஷனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி யார் என்னிடம் கேட்டார்கள்? நாடகம் ஓடியது. பார்த்தேன். கம்மல்காரி யாரையோ அறைந்தாள். யாரை என்று இப்போது நினைவில்லை.

சனிக்கிழமை காலையில் வந்தார். கையெல்லாம் நீலப் பெயிண்ட். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அன்னைக்கு அவ என்ன செஞ்சா? காலையில இருந்து சொல்லுங்க."

எந்த நாளைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு லீவு. அவர் கடலில் இருந்தார். வயர்லெஸ்ஸில் ஆள் பிடித்துச் சொல்லி, அவர் கரைக்கு வந்து ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அடக்கம், ஆட்கள், ஜெபம். நடுவில் இருந்த அந்தப் பகலைப் பற்றி ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

சொன்னேன். நீ முதல் பூசைக்குப் போய்விட்டு வந்ததை. வரும் வழியில் சாளை மீன் வாங்கியதை. தண்ணீர் கேன் போடுகிறவரோடு கேனில் பாசி இருக்கிறது என்று சண்டை போட்டதை. என்னிடம் அரைமுறித் தேங்காய் வாங்கியதை. ஜெனியோடு போனில் பேசியதை; எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாய், அவள் ஹாஸ்டலில் வெந்நீர் இல்லை என்றாள். குருத்தோலை ஞாயிறு வருகிறதே என்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருந்ததை.

"அதானா?" என்றார். "பெட்டியில வச்சிருக்கையில நெத்தி ஓரம் கறுப்பா இருந்துச்சு. என்னமோ அடிபட்டிருச்சுன்னு நெனச்சேன். யார்ட்டயும் கேக்கல."

"சாயந்தான் தம்பி. கழுவதுக்குள்ள நெஞ்சு வலிக்குன்னுட்டா. ஒங்க பழைய பனியனத்தான் போட்டிருந்தா, சேலையில பட்டுரப்பிடாதுன்னு."

"எம் பனியனையா?"

"ஆமா. சிவப்புக் கோடு போட்டது."

நீலப் பெயிண்ட் காய்ந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆட்டோவுல ஏதும் சொன்னாளா?" என்றார்.

அடக்கத்தன்று எல்லோரும் இதைத்தான் என்னிடம் கேட்டார்கள். உன் சித்தி, உங்கள் பங்குச் சாமியார், தெருப் பெண்கள். நான் பதில் சொல்வதற்குள் உன் சித்தியே, "மாதா பேரச் சொல்லிக்கிட்டுத்தான் போயிருப்பா எம் மக" என்று அழுதார். நான் பேசாமல் நின்றேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்ய?

சூசையிடம் சொன்னேன். முந்தின நாள் எபிசோடு, பெரிய மருமகள் வீட்டை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் பேனாவை வைத்ததோடு நின்றிருந்தது. நீ என் தோளில் சாய்ந்திருந்தாய். உன் கை சில்லென்று இருந்தது. கண்ணைத் திறக்காமல், "அக்கா, அவ கையெழுத்துப் போடப்பிடாதுக்கா. போட்டா நாடகமே நாசம்" என்றாய். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பெறவு போட்டாளா?"

"போட்டுட்டா தம்பி."

"மூதி" என்றார், அந்தப் பெரிய மருமகளைத்தான். உடனே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சத்தம் வந்தது. அடக்கத்தன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை, பிலோமி. எழுந்து அடுப்படிக்குப் போனேன். டீக்குப் பால் வைத்தேன். பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பசி என்று புரிந்தது. நேற்றைய சோறு இருந்தது. மோர் ஊற்றி, நின்றுகொண்டே ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். பிறகு அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தடைக்காலம் முடியப்போகிறது. கடலுக்குப் போக ஆரம்பித்தால் நாடக நேரத்துக்கு வர முடியாது என்று இப்போதே கவலைப்படுகிறார். கரைக்கு வந்ததும் போன் போடுகிறாராம், நடந்ததை நான் சொல்ல வேண்டுமாம். நேற்று ஜெனிக்குப் போன் போட்டு, "மக்கா, இன்னைக்குப் பகல்ல என்ன செஞ்ச?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து அந்தப் பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். ஒன்றும் இல்லை, கேட்டால் பதில் சொல் என்றேன்.

நீ சொன்னதில் இன்னும் பாதிகூட நான் அவரிடம் சொல்லவில்லை. நீ சிரித்தது, வைதது, ஏசுநாதருக்கே கேட்டுவிடப்போகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னது எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவர் கேட்கக் கேட்கச் சொல்வேன். போனவளாயிற்றே என்று உன்னைப் புண்ணியவதி ஆக்கிச் சொல்ல மாட்டேன். நீ சொன்னதை, நீ சொன்ன வார்த்தையில், நீ இழுத்த இழுப்போடு சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ அக்கா என்று கூப்பிட்டதால் மட்டுமே அக்காவான,
எதிர்வீட்டு கிரேஸ்