சைவப் பூனையின் இதயம்

2011 மார்ச் 3
பக்கத்து வீட்டு முனாபின் மீன்வாடை பற்றி மூன்றாவது மனுவை இன்று சுகாதாரப் பகுதிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நான்கு பக்கம். முதல் இரண்டும் எங்கே போயினவோ. எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் பதவி போன இடத்துக்கே போயிருக்கும். கண்டியில் கடல் இல்லை என்று எவன் சொன்னான்?

மார்ச் 5
சிவப்பழம் நான்கு படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டது. மூன்று வயதுப் பூனை. நெற்றியில் திருநீறு போல மூன்று கோடு. குட்டியிலிருந்து தயிர்ச்சோறும் பருப்பும்தான். மஹய்யாவ முழுக்க இப்படியொரு சைவப் பூனை இல்லை என்று கோயிலில் எத்தனை பேரிடம் பீற்றியிருக்கிறேன். இந்த வீட்டில் என்னை மதிக்கும் ஒரே ஜீவன்.

மார்ச் 7
மிருக வைத்தியர் சிங்களப் பெண். நல்ல தமிழ், நல்ல வாய். ஸ்கான் பார்த்தார். இதயம் பெருத்து, தசை தொய்ந்துவிட்டதாம்.
"மீன், இறைச்சி இல்லாட்டி பூனைக்கு டோரின் சத்து கிடைக்காது மாஸ்டர். அது இல்லாட்டி இதயம் இப்படித்தான் ஆகும்."
"சைவமாவே வளர்த்தோம் டொக்டர்."
"பூனைக்கிட்ட கேட்டீங்களா?"
மாத்திரை, டோரின் தூள், பூனை உணவு டின் தந்தார். மீன் அவித்தால் உப்புக் கூடாது. சத்து இறங்கியிருக்கும் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் —
அப்போ கொல்லப் பாத்தது நானா?

மார்ச் 8
டின்னை முகர்ந்ததோடு சரி. தூள் கலந்த தயிர்ச்சோற்றையும் தொடவில்லை. தங்கை பரிமளத்திடம் மீன் என்று வாயைத் திறந்தேன். "மீன் சட்டி உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்ணே." நல்ல யோசனைதான். சமையலுக்கு யார்?

மார்ச் 9
விலா எலும்பை எண்ணலாம். மதிலோரம் நின்று தொண்டையைச் செருமினேன். பதினோரு வருஷமாகப் பேசாதவன் எப்படித் தொடங்குவது? முனாபின் மனைவி ருக்கியா எட்டிப் பார்த்தாள்.
"என்ன மாஸ்டர், வாடை கூடிட்டா?"
"இல்ல... இன்னைக்கு என்ன மீன்?"
உள்ளே ஏதோ தட்டு விழுந்தது.
முனாப் வந்து முழுதும் கேட்டான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன்.
"மூணு வருஷமா அது எங்கட மீன் பொரியிற குசினி ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு ஈக்கிது மாஸ்டர். நீங்க கோவிப்பீங்கன்டு ஒரு முள்ளுக் கூடப் போடல்ல."
அவனுடைய அந்த மரியாதைதான் என் பூனையைச் சாகக் கிடத்தியது. இதற்கும் அவனைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.
உப்பில்லாமல் அவித்த சூரை மீன், தண்ணீரோடு, தூளும் கலந்து. சிவப்பழம் கோப்பையை நக்கி, கோப்பை இருந்த தரையையும் நக்கியது. மூன்று வருஷத் தவம் மூன்று நிமிஷத்தில் கலைந்தது.

மார்ச் 20
எத்தனை நாள் அவர்களிடம் கேட்பது? கொல்லையில் கல்லடுப்பு வைத்து நானே அவிக்கிறேன். பரிமளம் கதவைச் சாத்திக்கொண்டு தேவாரம் பாடுகிறாள், ராகம் தப்பி. முனாப் மதிலுக்கு மேலால் நெருப்பைக் குறைக்கச் சொல்கிறான்.

ஏப்ரல் 2
எட்டுப் படி. நிற்காமல்.

ஏப்ரல் 26
சுகாதாரப் பரிசோதகர் வந்தார், என் மனுவோடு. முனாப் வீட்டில் அன்று பருப்பு. மனிதர் மூக்கை நம்பி நேரே என் கொல்லைக்கு வந்தார். அடுப்பில் சூரை, என் கையில் அகப்பை.
"மனுப் போட்டது யாரு?"
"நான்."
மதிலுக்கு மேல் முனாபின் தலை. "எங்களுக்கு முறைப்பாடு ஒண்டுமில்ல சேர். பழகிட்டு."

ஜூன் 22
மறு ஸ்கான். இதயம் ஏறக்குறையப் பழைய அளவு. தூளை நிறுத்தக் கூடாதாம்.
வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும் ஒரே பாய்ச்சலில் மதில் மேல், அங்கிருந்து அந்தப் பக்கம். கூப்பிட்டேன், வரவில்லை. முன்வாசலால் சுற்றி முனாப் வீட்டுக்குப் போனேன். உட்காரக் கதிரை போட்டார்கள். வாடை இருக்கத்தான் செய்தது. இரண்டாவது கோப்பைத் தேநீரும் குடித்தேன்.