திருவான்மியூர் வயலைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தை

அனுப்புபவர்:
கோ. மண்ணாங்கட்டி,
கொட்டிவாக்கம் விவசாயி, கிராமத் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர்,
தற்சமய ஜாகை: மயிலாப்பூர்.

பெறுபவர்:
நில ஆர்ஜித அதிகாரி அவர்கள் சமூகம்,
சென்னை.

விஷயம்: திருவான்மியூருக்கு வடக்கே ஹாஜிரா பீ என்பவர் குத்தகைக்குப் பயிரிடும் வயலை, தரிசு என்று நினைத்து வீட்டு மனைகளுக்கு எடுக்க இருப்பதை நிறுத்தக் கோருவது, அதற்குக் காரணமான ஆள் மீது புகார் செய்வது.

கனம் ஐயா அவர்களுக்கு,

1. புகார் என்றால் யார் மீது என்பதை முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. இது என் மீது நானே கொடுக்கும் புகார். தாங்கள் சிரித்தாலும் பாதகமில்லை, கடைசி வரை படித்துவிட வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் முன் விசாரணை. நிலத்தின் சொந்தக்காரரான மயிலாப்பூர் வக்கீல் விற்கச் சம்மதித்துவிட்டார். குத்தகைக்காரரின் பேச்சு அங்கே எடுபடாது. அன்றோடு ஹாஜிரா பீயின் வயல் நிற்கும் பயிரோடு போய்விடும். அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

2. நான் யார் என்று சொல்ல வேண்டும். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காததால், இதாவது தங்கட்டும் என்று எனக்கு இந்தப் பெயர் வைத்தார்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு ஏர் பிடித்தேன். ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரை உடைந்தபோது தாலுகா கச்சேரி வாசலில் நின்று சத்தம் போட்டேன். அந்தச் சத்தம்தான் என்னைப் பஞ்சாயத்துக்கும், ஜில்லா போர்டுக்கும், நாற்பத்தாறாம் வருஷம் சட்டசபைக்கும் அனுப்பியது. ஹாஜிரா பீ எனக்கு ஓட்டுப் போட்டவர் அல்ல. முஸ்லிம்களுக்குத் தொகுதியே வேறு, அதிலும் அவருக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் தம் மாட்டுவண்டியைப் பூட்டி, திருவான்மியூர்க் கிழவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்டுபோய் எனக்கு ஓட்டுப் போட வைத்தவர் அவர்தான்.

3. தாலுகா கச்சேரியில் போட்ட சத்தம் கோட்டைக்குள் போனதும் அடங்கிவிட்டது. அங்கே பேசுவதெல்லாம் இங்கிலீஷ். மற்றவர்கள் கை தூக்கினால் நானும் தூக்குவேன். ஆஜர் கூப்பிடும்போது என் பெயர் வந்தால் சிலர் குனிந்து சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு மிகவும் உறைத்தது. ஒருநாள் எழுந்து நன்றாகப் பேசி இவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் நெடுநாளாக இருந்தது.

4. சென்ற மாசி மாதக் கூட்டத்தில் அந்த நாள் வந்தது. பட்டணத்தில் குடியிருக்க வீடு கிடைக்காததைப் பற்றிய விவாதம். அடையாற்றைத் தாண்டி இடம் உண்டா என்று கேள்வி வந்தது. திருவான்மியூர்ப் பக்கத்து அங்கத்தினர் யார் என்று பார்த்தார்கள். நான் எழுந்தேன். திருவான்மியூருக்கு வடக்கே உள்ள வெளி நிலத்தில் இப்போது என்ன பயிர் என்று தமிழில் கேட்டார்கள். "இப்ப சும்மாதான் கிடக்குது" என்றேன். பக்கத்தில் இருந்தவர் அதை இங்கிலீஷில் எடுத்துச் சொன்னார். மேஜையைத் தட்டினார்கள். ஐயா, உள்ளதைச் சொல்கிறேன், அந்தத் தட்டல் எனக்கு இனித்தது. அன்று பஸ்ஸில் மயிலாப்பூர் வந்து சேரும் வரை எனக்குள் நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

5. எங்கள் பக்கத்தில் வயல் சும்மா கிடக்கிறது என்றால், சம்பா அறுத்துவிட்டு அடுத்த பட்டத்துக்கு இளைப்பாறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்த மாசியில் அந்த வயலில் ஹாஜிரா பீ எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார். யாருக்கும் வேண்டாமல் விட்ட நிலத்தைத்தான் நாங்கள் தரிசு என்போம். பேசிய நானும் விவசாயிதான், பேச்சும் தமிழ்தான். ஆனால் அது இங்கிலீஷுக்குள் புகுந்து மறுபடி தமிழுக்கு வந்து தங்கள் நோட்டீஸில் ஏறியபோது, "உள்ளூர் அங்கத்தினரே தரிசு என்று உறுதி கூறிய நிலம்" என்று ஆகிவிட்டது. இதில் தங்கள் குமாஸ்தாக்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன்.

6. இதுவரை சொன்னது வாய் தவறியது. இனிமேல் சொல்வதுதான் குற்றம். நோட்டீஸ் வெளியாகுமுன்பே எனக்குத் தெரியும். மனை போடும் சங்கத்தின் காரியதரிசி தியாகராய நகரில் தம் வீட்டுக்கு அழைத்து, ரவா தோசையும் காபியும் கொடுத்து, மனைப் படத்தை விரித்துக் காட்டினார். அதில் ஒரு தெருவுக்கு என் பெயரைப் போட்டிருந்தார்கள். எந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்தார்களோ அந்தப் பெயரைப் பெரிய மனுஷர்கள் விலாசத்தில் எழுதப்போகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தெரு யார் வயல்மேல் போகிறது என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்தது. தெரிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தேன். அடுத்து திருவான்மியூர் போகவேண்டி வந்த நாளில் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

7. நான் போகாததால் ஹாஜிரா பீயே வந்தார். நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு மயிலாப்பூர் வரை நடந்தே வந்து என் ஜாகை வாசலில் நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நைனா, இதுல இன்னாமோ தப்பு நடந்து கீது. உன் பேரைப் போட்டு எவனோ பொய் எழுதிக்கீறான். நீ போய் உன் பேரைக் காப்பாத்திக்கோ." தம் வயல் போவதற்காக என்பதைவிட, என் பெயர் கெடுகிறதே என்றுதான் அவர் வந்திருக்கிறார். நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. "பாத்துக்கிறேன், நீ போ" என்றேன். நம்பிக்கொண்டு போய்விட்டார். இந்த மனுவின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் அவர் வயலுக்கு நேரில் போய், வாய்விட்டுப் படித்துக் காட்டப்போகிறேன். அதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது.

8. ஆகவே நான் கேட்பது இவ்வளவே. சட்டசபையில் நான் சொன்னதை ஆதாரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளிக்கிழமை விசாரணையை ஆபீஸில் வைக்காமல் வயல் வரப்பில் வைக்க உத்தரவிட வேண்டும். சொர்ணவாரி நெல் முழங்கால் உயரம் நிற்கிறது. கண்ணால் பார்த்தவர் அதைத் தரிசு என்று எழுத மாட்டார். மனைப் படத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடும்படி சங்கத்துக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கொட்டிவாக்கத்தில் எனக்குச் சொந்தமான நிலம் இருக்கிறது. மேட்டுப்பாங்கானது, தண்ணீர் தேங்காது, வீடு கட்டத் தோதான இடம். ஹாஜிரா பீயின் வயலுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ளுங்கள், என் தரப்பில் ஆட்சேபணை இல்லை. நான் கோட்டைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து அதில் ஏர் இறங்கவில்லை. முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதைத் தாங்கள் தரிசு என்றே எழுதிக்கொள்ளலாம்.

இடம்: மயிலாப்பூர்
தேதி: 14-6-1948

இப்படிக்கு, தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கோ. மண்ணாங்கட்டி
(என் கைப்பட எழுதியது)